41 கி.மீ. கேட்கிறார்கள், 9 கி.மீ.க்குத்தான் காசு: எந்தத் தெருவை முதலில் எடுப்பது?

வார்டு16 கேட்டது:

வணக்கம். 27 வார்டு உள்ள நகராட்சி. அடுத்த ஆண்டுக்கான சாலைப் பணிப் பட்டியலை நகர்மன்றத்தில் வைக்க வேண்டும். வார்டுகளிலிருந்து வந்திருக்கும் கோரிக்கைகளைக் கூட்டினால் 41 கி.மீ. பொது நிதி, மாநில நிதிக்குழு மானியம் இரண்டையும் சேர்த்தாலும் ஏறக்குறைய 9 கி.மீ.தான் போட முடியும். ஏழு வார்டுகளில் பாதாள சாக்கடை வேலை பாதியில் நிற்கிறது.

மன்றத்தில் இரண்டு கட்சி. "வார்டுக்குச் சமமாகப் பிரி" என்பது ஒன்று, "ரொம்ப மோசமானதை முதலில் போடு" என்பது இன்னொன்று. கன்சல்டன்ட் வைத்து மெஷின் ஓட்டிப் பார்க்கும் வசதி இல்லை. கவுன்சிலர்களுக்கும் நலச்சங்கத்தாருக்கும் புரிகிற, எழுத்தில் வைத்துக் காட்டக்கூடிய முறை ஏதாவது இருக்கிறதா? பொறியியல் பிரிவிடம் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

---

மட்டக்கோல்:

மேடம், மார்க் போடுவது அடுத்த வேலை. முதலில் இந்த ஆண்டு போடவே கூடாத தெருக்களைக் கழியுங்கள். 41 கி.மீ. கோரிக்கையில் கணிசமான பகுதி இங்கேயே போய்விடும், அதற்கு யாரும் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

சாலை யாருடையது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். ஊருக்குள் ஓடும் பெரிய ரோட்டில் ஒரு பகுதி நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும். அதில் நகராட்சிக் காசைப் போட்டால் தணிக்கையில் நிற்கும். அடுத்தது மனைப்பிரிவுத் தெருக்கள். அங்கீகாரமில்லாத லேஅவுட்டில் சாலை நிலம் தானப் பத்திரம் மூலம் நகராட்சிக்கு வந்திருக்கிறதா, நகர நிலஅளவைப் பதிவேட்டில் தெரு என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் எஸ்டிமேட் போட்ட பிறகு யாராவது பட்டாவோடு வந்து நிற்பார், டெண்டர் விட்ட வேலை கோர்ட்டில் கிடக்கும். அந்தத் தெருவை ஒதுக்கி, பத்திரம் வாங்கும் வேலையை மட்டும் இந்த ஆண்டு முடியுங்கள்.

பிறகு, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியாத சாலைகள். ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு என்று எழுதியிருக்கிறதோ அதற்குள் பெயர்ந்தால் பழைய ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அவருடைய வைப்புத்தொகை நகராட்சியிடம் இருக்கும்போதே அதே தெருவைப் புதுப் பணியாக எடுப்பது ஒரே சாலைக்கு இரண்டு முறை காசு கொடுப்பது. தெருவாரியாகப் பணி முடிந்த தேதி, ஒப்பந்தக் காலம், டெபாசிட் விடுவிக்கப்பட்டதா என்ற மூன்று கட்டங்களையும் நிரப்பித் தரச் சொல்லுங்கள். இந்த ஒரு கேள்விக்கே சில தெருக்கள் பட்டியலிலிருந்து தானாக இறங்கிவிடும்.

கடைசியாக, தோண்டப்போகும் தெருக்கள். பாதாள சாக்கடை, குடிநீர்க் குழாய், மின்வாரியப் புதைவடம், கேஸ் பைப், தொலைபேசிக் கேபிள் என ஒவ்வொரு துறைக்கும் தெருப் பெயரோடு கடிதம் எழுதி, எந்த மாதம் வரை வேலை இருக்கிறது என்று பதில் வாங்குங்கள். வாய்மொழியாக "முடிஞ்சிருச்சு சார்" என்பதை நம்பக் கூடாது. பாதாள சாக்கடையில் பிரதான குழாய் பதித்ததை முடிந்ததாகச் சொல்வார்கள். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் மறுபடி குறுக்கே வெட்டுவார்கள். 200 மீட்டர் தெருவில் 40 வீடு என்றால் 40 குறுக்கு வெட்டு. அதில் எந்த பேட்ச்சும் நிற்காது.

உங்கள் ஏழு வார்டுகள் இதில்தான் வரும். குழாய் பதித்த பள்ளம் 2, 3 மீட்டர் ஆழம் இருக்கும். அதை 20 செ.மீ. அடுக்கடுக்காக நிரப்பி, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்கியிருக்க வேண்டும். நடப்பது ஜேசிபியால் ஒரே தள்ளு. அந்த மண் ஒரு மழைக்காலம் முழுதாக நனைந்து இறங்கிய பிறகுதான் மேலே தார் நிற்கும். அவசரப்பட்டு உடனே போட்டால் பள்ளம் ஓடிய கோடு அப்படியே சாலையில் வாய்க்காலாகத் தெரியும். அதுவரை வெட் மிக்ஸ் ஜல்லி (தண்ணீர் சேர்த்துக் கலந்த ஜல்லிக் கலவை) 75 மி.மீ. போட்டு உருட்டி, வண்டி போகும்படி வைத்தால் போதும். அதற்கான செலவைத் தோண்டிய திட்டத்தின் சாலைச் சீரமைப்புத் தலைப்பிலிருந்து கேளுங்கள், 9 கி.மீ. காசிலிருந்து எடுக்காதீர்கள்.

---

ஊர்க்கோடி:

மட்டக்கோல் சொன்னதில் ஒரு திருத்தம். தானப் பத்திரம் இல்லை என்று கழிக்கும்போது முதலில் அடிபடுவது ஊர் ஓரத்துக் குடியிருப்புகளும் காலனிகளும்தான். பல இடங்களில் தெரு பல காலமாகவே பொதுப் பயன்பாட்டில் இருக்கும், நகராட்சியே குழாய் போட்டு, விளக்குக் கம்பம் நட்டு, வரியும் வாங்கிக்கொண்டிருக்கும். சாலை போடும்போது மட்டும் பத்திரம் கேட்பார்கள். அங்கே நில அளவை வரைபடமும், நகராட்சி முன்பு செய்த பணிகளின் பதிவும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கழியுங்கள்.

இன்னொன்று. "மோசமானது முதலில்" என்பதை எதிர்த்து இங்கே யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். அந்த வாதம் தார்ச் சாலைகளுக்குள் சரி. இதுவரை ஒரு ஜல்லிகூடப் பார்க்காத மண் தெருவையும் மேல்தளம் தேய்ந்த தார்ச் சாலையையும் ஒரே அட்டவணையில் வைத்து மார்க் போட்டால், போக்குவரத்து குறைவு, வீடு குறைவு என்று மண் தெரு ஒவ்வொரு ஆண்டும் கடைசியில் நிற்கும். மழையில் ஆம்புலன்ஸ் உள்ளே வராத தெருவில் போக்குவரத்து எப்படி அதிகமாக இருக்கும்? மண் தெருவுக்குத் தனிக் கணக்கு, தனி நிதி வேண்டும்.

---

மட்டக்கோல்:

ஊர்க்கோடி சொல்வது சரி, தனிக் கணக்குதான் வழி. மூன்று குறிப்பேடாகப் பிரியுங்கள். பராமரிப்பு ஒன்று: விரிசல் அடைப்பு, குழி அடைப்பு, ஓரம் கட்டுதல். புதுப்பித்தல் ஒன்று: பழைய தளத்தைச் சுரண்டிவிட்டுப் புதுத் தளம். தரம் உயர்த்துதல் மூன்றாவது: மண், கிராவல் தெருவைத் தார் அல்லது சிமென்ட் சாலை ஆக்குவது. மூன்றுக்கும் காசை முதலிலேயே பிரித்துத் தீர்மானம் போட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் மட்டும் வரிசை போடுங்கள். என் யோசனை 20:50:30. உங்கள் ஊரில் மண் தெரு நிறைய இருந்தால் மூன்றாவதைக் கூட்டுங்கள்.

பராமரிப்புக்கு ஏன் தனியாக ஐந்தில் ஒரு பங்கு என்று மன்றத்தில் கேட்பார்கள். தார்ச் சாலை வெயிலிலும் வயசிலும் மேலே மெதுவாகத்தான் காய்கிறது. விரிசல் வழியாகத் தண்ணீர் கீழே ஜல்லிப் படுகைக்கு இறங்கியதும் கதை மாறும். படுகை இளகும், வண்டி ஏறும்போது அமுங்கும், மேல்தளம் முதலை முதுகுபோல் வெடிக்கும், பிறகு குழி. விரிசல் நிலையில் கையாண்டால் தாரும் மணலும் செலவு. முதலை முதுகான பிறகு 20, 30 செ.மீ. ஆழத்துக்குத் தோண்டி ஜல்லியோடு மாற்ற வேண்டும். மோசமானதற்கே முழுக் காசையும் கொடுத்தால், நடுத்தரமாக இருக்கும் சாலைகள் அந்த ஓராண்டில் மோசமான வரிசைக்கு வந்து சேரும். அடுத்த ஆண்டு கோரிக்கை 41 கி.மீ.க்கும் மேலே போகும்.

புதுப்பித்தலுக்கு மார்க் போடும் முறை, கையால் செய்யக்கூடியது: தெருவை 50 மீட்டர் துண்டுகளாகச் சுண்ணாம்பால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக நடந்து பதிவு செய்யட்டும். பத்து மார்க்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது ஆள். 100 மார்க்கில் சாலை நிலை 30, தண்ணீர் தேக்கம் 25, பயன்பாடு 25, 100 மீட்டருக்கு எத்தனை வீடு என்பது 10, கடைசியாகப் போட்டு எத்தனை ஆண்டு என்பது 10.

நிலைக்கு: வெடித்த பரப்பு துண்டின் மொத்தப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குள் என்றால் 5 மார்க், அது பராமரிப்புக் கணக்குக்குப் போக வேண்டிய தெரு. 10 முதல் 30 வரை என்றால் 20. அதற்கு மேல் 30. பயன்பாட்டில் பேருந்து, பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை, சந்தை, குப்பை வண்டிப் பாதை ஒவ்வொன்றுக்கும் 5, உச்சவரம்பு 25. கவுன்சிலர் வீடு இருக்கும் தெரு என்பதற்குக் கட்டம் கிடையாது :)

தண்ணீர் தேக்கத்தை வெயில் நாளில் அளக்க முடியாது. நல்ல மழை நின்று இரண்டு மணி நேரம் கழித்துப் போய், தேங்கிய இடத்தின் ஓரத்தைப் பெயின்டால் கோடு போட்டு, டேப் வைத்துப் படம் எடுக்க வேண்டும். ஐப்பசியில் இதைச் செய்யாமல் மாசியில் பட்டியல் போட்டால் அந்த 25 மார்க் வெறும் கற்பனை.

ஒன்று கவனியுங்கள்: தேக்கத்தில் முழு மார்க் வாங்கிய தெருவுக்குச் சாலை மட்டும் போடக் கூடாது. வடிகால் இல்லையென்றால் வடிகால் முதலில், சாலை அடுத்த ஆண்டு. வடிகால் இருந்தும் தேங்கினால் மட்டக் கருவி வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் வடிகாலின் அடிமட்டம் அது போய்ச் சேரும் கல்வெர்ட் (சிறுபாலம்) மட்டத்தைவிடத் தாழ்ந்திருக்கும், அல்லது சாலை ஓரம் வடிகால் மூடியைவிடத் தாழ்ந்திருக்கும். ஓரத்தில் தண்ணீர் ஓட 100 மீட்டருக்கு 30 செ.மீ. சரிவாவது வேண்டும். குறுக்கே 2.5%. அதாவது 4 மீட்டர் தெருவில் நடு முதுகு ஓரத்தைவிட 5 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். தார் நிற்பதும் பெயர்வதும் முக்கால்வாசி இந்த 5 செ.மீ.யில்தான் இருக்கிறது.

---

மன்றப்பொருள்:

நிதி, தீர்மானம் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

"வார்டுக்குச் சமம்" என்றால் 9 கி.மீ. ÷ 27 = வார்டுக்கு 333 மீட்டர். நடைமுறையில் இரண்டு அரைத் தெருக்கள். தெரு நடுவில் நிற்கும் சாலையின் முனை முதலில் உடையும், அங்கேதான் தண்ணீரும் நிற்கும். ஆனால் சமப் பங்கே வேண்டாம் என்று சொன்னால் தீர்மானம் நிறைவேறாது. ஒரு வழி: பராமரிப்புக் காசை வார்டுவாரியாகப் பிரியுங்கள், சாலை நீளத்துக்கு ஏற்ப. குழி எல்லா வார்டிலும் இருக்கும், எல்லாக் கவுன்சிலருக்கும் காட்ட ஒரு வேலை இருக்கும். புதுப்பித்தல் காசைப் பிரிக்காமல் மார்க் வரிசைக்கு விடுங்கள். இரண்டு ஆண்டுப் பட்டியலாகத் தீர்மானம் போட்டு, இரண்டு ஆண்டுக்குள் ஒவ்வொரு வார்டிலும் குறைந்தது ஒரு முழுத் தெரு என்று எழுதினால் எதிர்ப்பு பெரும்பாலும் அடங்கும்.

நிதியைப் பொறுத்தவரை, எந்தத் தலைப்பில் எது வரும் என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். 2021-26 காலத்துக்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் நிபந்தனைக்குட்பட்ட பகுதி குடிநீர், சுகாதாரப் பணிகளுக்கானதாக இருந்தது, சாலைக்கு இழுக்க முடியாமல் இருந்தது. நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு வேண்டும். நலச்சங்கம் வலுவாக இருக்கும் தெருக்களை அந்தப் பக்கம் நகர்த்தினால் பொது நிதி மிச்சம். ஆனால் காசு கட்ட முடிந்த தெரு முன்னால் வந்துவிடும் ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. ஆகவே அப்படி மிச்சமாகும் தொகை தரம் உயர்த்தும் கணக்கில் சேரும் என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், நகர்ப்புறச் சாலை மேம்பாட்டுத் திட்டம் மாதிரி மாநிலத் திட்டங்களுக்குத் தனிப் பட்டியல் தயாராக இருக்க வேண்டும். நிதி அறிவிப்பு வந்த பிறகு பட்டியல் போட ஆரம்பித்தால் மூன்று நாளில் யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து எழுதியதுதான் போகும்.

காலண்டர் இதைவிட முக்கியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தார் வேலைக்கு ஏற்றது ஜனவரி முதல் மே. அதற்குப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்: மழையில் கள ஆய்வு, நவம்பர் இறுதிக்குள் மன்றத் தீர்மானம், டிசம்பரில் எஸ்டிமேட், தொழில்நுட்ப அனுமதி, டெண்டர் அறிவிப்பு. ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்ட விதிகளின்படி 2 கோடி வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். தீர்மானம் பிப்ரவரிக்குப் போனால் வேலை மார்ச் கடைசி வாரத்தில் இரவில் நடக்கும், பில் 31ஆம் தேதி எழுதப்படும். அந்தச் சாலையின் ஆயுள் எவ்வளவு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஏரியா சபை (வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் கூட்டம்), வார்டு குழு இரண்டையும் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 அன்று முதன்முறையாக ஏரியா சபைகள் கூடின. சபையில் "எந்தத் தெரு வேண்டும்" என்று கேட்டால் எல்லாத் தெருவும் வேண்டும் என்பார்கள். மார்க் பட்டியலை அச்சடித்துக் கொடுத்து, "இதில் எங்கே தப்பு" என்று கேளுங்கள். விடுபட்ட தேக்கம், தவறாக எழுதிய அகலம், தோண்டப்போகும் குழாய் எல்லாம் அங்கேதான் வெளியே வரும்.

---

தார்ச்சட்டி:

வரிசை சரியாக வந்த பிறகு அதை அப்படியே வேலை வரிசையாக எடுத்தால் இன்னொரு கோளாறு. 200 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 30 மி.மீ. கனம் என்றால் 24 கன மீட்டர், ஏறக்குறைய 56 டன் கலவை. நாலைந்து லோடு. இதற்காக மட்டும் தார்க் கலவை பிளான்ட்டை ஓட்ட மாட்டார்கள். வேறு ஊர் வேலையோடு சேர்த்து, மிச்ச லோடு உங்கள் தெருவுக்கு வரும். தெரு தூரமாக இருந்தால் ஆறிப்போய் வரும். மார்க் வரிசையில் மேலே வந்த தெருவைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் இருக்கும், கிட்டத்தட்ட அதே மார்க் வாங்கிய தெருக்களைச் சேர்த்து ஒரு கொத்தாக ஆக்குங்கள். ஒரு நாளைக்கு 200 டன்னாவது போடும்படி இருந்தால் ரோலர், கலவை விரிக்கும் மெஷின், ஆள் எல்லாம் ஒழுங்காக வரும். அதற்காக ஊர் முழுக்க ஒரே பேக்கேஜ் ஆக்கிவிடாதீர்கள், பிறகு ஒரே ஆள்தான் டெண்டர் போடுவார்.

எஸ்டிமேட்டில் மில்லிங் (மெஷினால் பழைய தளத்தைச் சுரண்டுவது) இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பழைய தளத்தைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021 மே மாதமே தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு அறிவுறுத்தியிருக்கிறார். ஆனாலும் "இந்தத் தெருவுக்கு மெஷின் நுழையாது" என்று எழுதி மேலேயே போடுவார்கள். சின்ன மில்லிங் மெஷின் கிடைக்கிறது. அதுவும் நுழையாத சந்து என்றால் அங்கே தார் போடுவதே தப்பு.

மில்லிங்குக்கு முன்னால் 100 மீட்டருக்கு ஒரு இடத்தில் 30 செ.மீ. சதுரத்துக்குத் தோண்டிப் பாருங்கள். பழைய தார் மொத்தமே 40 மி.மீ. இருந்து, 40 மி.மீ. சுரண்டினால் ஜல்லி வெளியே வந்துவிடும். அது மில்லிங் வேலையே இல்லை, வெட் மிக்ஸ் சேர்த்துப் படுகையிலிருந்து செய்ய வேண்டிய வேலை, எஸ்டிமேட் வேறு. இதைப் பார்க்காமல் டெண்டர் விட்டால் நடுவில் வேலை நிற்கும், கூடுதல் பணி என்று கோப்பு சுற்றும், தெரு இரண்டு மாதம் புழுதியில் கிடக்கும். சுரண்டிய பொருளுக்கும் மதிப்பு உண்டு. எஸ்டிமேட்டில் கழித்திருக்கிறார்களா, அல்லது நகராட்சி யார்டில் இறக்குகிறார்களா என்று கேளுங்கள். மண் தெரு ஓரங்களுக்கு அருமையான பொருள்.

வேலை நாளில் கேள்வி கேட்கக் கொஞ்சம் கணக்கு தருகிறேன். மேலே சொன்ன 200 மீட்டர் தெருவுக்கு: பழைய தளத்தோடு புதுத் தளம் ஒட்டுவதற்கான பிசின் பூச்சாக எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) சதுர மீட்டருக்கு 0.25 கிலோ, 800 சதுர மீட்டருக்கு 200 கிலோ, ஏறக்குறைய ஒரு முழு டிரம். தகரத்தில் ஓட்டை போட்டு நாலு கோடு இழுத்துவிட்டுப் போனால் புதுத் தளம் ஆறு மாதத்தில் தோல்போல் உரியும். 30 மி.மீ. கனத்துக்குப் பொருத்தமான பிட்டுமினஸ் கான்கிரீட் கிரேடு 2 கலவையில் தார் குறைந்தது 5.4%. 56 டன்னுக்கு 3 டன் தார். கலவை வந்த லோடு சீட்டுகளையும் தார் வாங்கிய இன்வாய்ஸையும் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய பொருந்த வேண்டும். விஜி-30 என்ற தரத் தார் என்றால் விரிக்கும்போது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது, உருட்டி முடிக்கும்போது 90க்குக் கீழே போயிருக்கக் கூடாது. ஆய்வாளர் கையில் தெர்மாமீட்டர் இல்லாமல் வேலை ஆரம்பிக்க விடாதீர்கள். விரிக்கும்போது 37, 38 மி.மீ. கனம் இருந்தால்தான் உருட்டிய பிறகு 30 கிடைக்கும். மறுநாள் கோர் (தளத்திலிருந்து உருளையாக வெட்டி எடுக்கும் மாதிரி) எடுக்கும்போது ஒப்பந்ததாரர் காட்டும் இடத்தில் எடுக்காமல் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முனையில் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள்.

மேன்ஹோல் மூடிகளை எண்ணி எழுதி வையுங்கள். வேலை முடிந்ததும் அதே எண்ணிக்கை கண்ணில் தெரிய வேண்டும்.

---

வார்டு16:

எல்லோருக்கும் நன்றி. கழிக்கும் கட்டத்திலேயே பாதி சண்டை தீரும் என்று புரிகிறது. இரண்டு சந்தேகம். 2.4 மீட்டர் அகலமுள்ள சந்துகள் நிறைய இருக்கின்றன. அங்கே பேவர் பிளாக்கா, சிமென்ட் சாலையா? பாதாள சாக்கடை வார்டுகளில் "அடுத்த ஆண்டு" என்று சொன்னால் மக்கள் ஏற்பார்களா என்பது இன்னொன்று. அங்கே ஒரு பள்ளிக்கூடத் தெருவும் இருக்கிறது.

---

தார்ச்சட்டி:

கீழே குழாய் வேலை முழுதாக முடிந்து, தண்ணீர் தேங்கும் சந்து என்றால் சிமென்ட். இன்னும் தோண்டுவார்கள் என்ற சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் பேவர், கழற்றி மாட்டலாம்.

சிமென்ட் என்றால் 150 மி.மீ. கனம், எம்30 (கான்கிரீட்டின் வலிமைத் தரம்) கலவை, கீழே இறுக்கிய படுகை, அதன்மேல் பாலித்தீன் ஷீட். 4 மீட்டருக்கு ஒரு குறுக்கு வெட்டு, 40 முதல் 50 மி.மீ. ஆழம். காலையில் போட்டால் அன்று இரவுக்குள்ளாவது மறுநாள் விடிகாலைக்குள்ளாவது வெட்ட வேண்டும். 24 மணி நேரம் தாண்டினால் கான்கிரீட் தனக்குப் பிடித்த இடத்தில் தானே வெடித்துக்கொள்ளும். 14 நாள் ஈரச் சாக்கு. சந்தில் இருப்பவர்களுக்கு பைக் வைக்க இடம் முன்கூட்டியே காட்டாவிட்டால் மூன்றாம் நாளே ஏறிவிடுவார்கள். சுவரிலிருந்து சுவர் வரை ஒரே பலகையாக ஊற்றாதீர்கள். ஒரு பக்கம் 60 செ.மீ. அளவுக்கு பேவர் பட்டை விட்டு, வீட்டுக் குழாய்கள் அதற்குள் ஓடட்டும். குறுக்கே 10 மீட்டருக்கு ஒரு காலி பிவிசி குழாய் புதைத்துவிட்டால் பிறகு யாரும் கட்டர் எடுத்து வர மாட்டார்கள்.

பேவர் என்றால் ஆட்டோ, குட்டி லாரி வரும் சந்துக்கு 80 மி.மீ., எம்40. நடமாட்டமும் பைக்கும் மட்டும் என்றால் 60 மி.மீ., எம்35. அடியில் மணல் படுக்கை 25 முதல் 40 மி.மீ.க்குள். மேடுபள்ளத்தை மணலாலேயே நிரப்பி 80, 100 மி.மீ. ஆக்கினால் மழைக்குப் பிறகு கல் ஆடும். இரண்டு ஓரத்திலும் கான்கிரீட் பிடிப்பு கட்டாயம். எஸ்டிமேட்டில் முதலில் வெட்டப்படுவது அதுதான், சாலை பிரிந்துபோவதும் அங்கிருந்துதான்.

---

மட்டக்கோல்:

பாதாள சாக்கடை வார்டுகளில் "அடுத்த ஆண்டு" என்று வெறுமனே சொன்னால் ஏற்க மாட்டார்கள். தெருவாரியாக மூன்று தேதி கொண்ட தாள் ஒட்டுங்கள்: வீட்டு இணைப்பு முடியும் மாதம், தற்காலிக வெட் மிக்ஸ் போடும் மாதம், சாலை போடும் மாதம். அந்தத் தெருக்களின் மார்க்கையும் இப்போதே போட்டு, அடுத்த ஆண்டுப் பட்டியலில் எந்த இடம் என்று தீர்மானத்தோடு இணையுங்கள். இடம் எழுத்தில் இருந்தால் காத்திருப்பார்கள்.

பள்ளிக்கூடத் தெருவை விதிவிலக்காக முன்னால் எடுக்க வேண்டும் என்று அழுத்தம் வரும். எடுக்க வேண்டுமென்றால் சாக்கடை ஒப்பந்ததாரரிடம் அந்த ஒரு தெருவின் வீட்டு இணைப்புகளை முதலில் முடிக்கச் சொல்லுங்கள், கோடை விடுமுறையில் நடக்கும். சாலையை பேவராகவே போடுங்கள், பள்ளம் இறங்கினாலும் அந்தக் கோட்டில் மட்டும் கழற்றி நிரப்பலாம். சாக்கடைக் குழாய் பதித்த பள்ளத்தில் இறுக்கச் சோதனை எடுத்த அறிக்கை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அதையும் செய்ய வேண்டும்.

---

மன்றப்பொருள்:

ஒரு சின்ன விஷயம், ஆனால் இதில்தான் காசு ஓடும். பட்டியலில் தெருவின் அகலத்தை வடிகாலையும் சேர்த்து எழுதியிருக்கிறார்களா என்று டேப் வைத்துப் பாருங்கள். உண்மையில் 3.2 மீட்டர் உள்ள தெரு எஸ்டிமேட்டில் 4 மீட்டர் என்று இருந்தால், 200 மீட்டருக்கு 160 சதுர மீட்டர் போடாத சாலை. படிக்கட்டு, சாய்தளம் நீட்டியிருக்கும் இடங்களை எஸ்டிமேட்டுக்கு முன்னால் குறித்து அகற்ற வேண்டும், இல்லையென்றால் அளவுப் புத்தகத்தில் (பில்லுக்காக வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) முழு அகலமும், தரையில் முக்கால் அகலமும் இருக்கும். பணி முடிந்ததும் அளவுப் புத்தகத்தின் நகலை வார்டு குழுக் கூட்டத்தில் வைக்கச் சொல்லித் தீர்மானத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பின்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம்.